காதோடு வரும் ஆசிரியை

சுற்றுலா என்றதும் துள்ளிக் குதிக்காத மாணவி உண்டா? முதல் நாள் இரவே புளிசாதப் பொட்டலம் தயாராகிவிடும். பேருந்தில் சன்னலோர இடத்துக்காக ஒரு சிறு போரே நடக்கும். பாட்டும் கைத்தட்டலுமாகப் போய்ச் சேர்ந்து, மாலையில் கிளிஞ்சல் மாலையோடும் வெயிலில் கறுத்த முகத்தோடும் வீடு திரும்புவோம். மறுநாள் தமிழம்மா, "நீ சென்று வந்த சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுது" என்பார்கள். அப்போதுதான் சங்கடம் தொடங்கும். சாப்பிட்டது நினைவிருக்கும், பாடியது நினைவிருக்கும், பார்த்தது மட்டும் நினைவிராது!

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது மாமல்லபுரம் சென்றோம். நாங்கள் 42 பேர். எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தவர் ஒருவர். அவரைச் சுற்றி நின்ற பத்துப் பேருக்கு அவர் சொன்னது கேட்டது. நடுவில் நின்றவர்களுக்குப் பாதி கேட்டது. பின்னால் நின்றவர்களுக்குக் கடற்காற்றும் ஐஸ்கிரீம் வண்டியின் மணியும்தான் கேட்டன. ஆகவே, எங்கள் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்ததில் வியப்பில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதி வந்த வரிகளையே அத்தனை பேரும் எழுதியிருந்தோம்.

ஒரே ஒரு கட்டுரை வேறுவிதமாக இருந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் குழந்தைப் பருவம் முதல் ஒரு காலில் பலம் குறைவு. அவளால் விரைந்து நடக்க இயலாது. அவள் இரண்டே வரிகள் எழுதியிருந்தாள்: "நான் போய்ச் சேர்ந்தபோதெல்லாம் எல்லாரும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே நான் பார்த்தவை எவை என்று எனக்குத் தெரியாது."

எங்கள் வரலாற்று ஆசிரியையான சிஸ்டர், அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரிகளை வகுப்பில் படித்துக் காட்டினார்கள். யாரும் தலை நிமிரவில்லை. அன்று முழுவதும் அவளுக்காக ஒருவர்கூட நின்று காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இவ்வாண்டு எங்கள் வகுப்பு மேற்கொண்ட முயற்சி அந்த இரண்டு வரிகளிலிருந்துதான் பிறந்தது. அதனை இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஒலி வழிகாட்டி என்றால் என்ன?

அருங்காட்சியகத்திலோ பழைய கோட்டையிலோ ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் நின்று, அதைப் பற்றிய விளக்கத்தைக் காதில் பொருத்திய கருவியின் மூலம் கேட்டுக்கொண்டே பார்ப்பதற்கு உதவுவதே ஒலி வழிகாட்டி. வழிகாட்டுகிறவர் நேரில் வருவதில்லை. அவருடைய குரல் மட்டும் நம்முடன் வருகிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். புரியாவிட்டால் மறுபடியும் கேட்கலாம். பிடித்த சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நின்றாலும் "சீக்கிரம் வா" என்று அதட்ட ஆளில்லை.

இது நேற்று முளைத்த புதுமையன்று. 1952-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் இது தொடங்கியது. ஒரு டேப் ரிக்கார்டரில் ஓடும் உரையைக் குறுகிய தூரத்துக்கு மட்டும் வானொலி போல் ஒலிபரப்பினார்கள். பார்வையாளர்கள் சிறு வானொலிப் பெட்டியைச் சுமந்துகொண்டு, காதுக் கருவி வழியாக அதனைக் கேட்டார்கள். டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் விளக்கம் கிடைத்தது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே உரை ஒலித்ததால், ஒரு படத்தை விட்டு அடுத்த படத்துக்குக் கூட்டம் முழுவதும் ஒன்றாகவே நகர வேண்டியிருந்தது. பின்தங்கியவர் பின்தங்கியவரே! சென்ற ஆண்டு எங்கள் தோழிக்கு நேர்ந்த கதிதான் அவருக்கும்.

இந்தக் குறையைத் தீர்த்தது, ஆளுக்கொரு கருவி என்ற ஏற்பாடு. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தது. கேசட் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரவர் விருப்பப்படி நடக்க முடிந்தது. எனினும் கேசட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்க முடியும். ஏழாவது படத்துக்கு நேரே போக வேண்டுமானால் நாடாவைச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும். பின்னர் வந்த மின்னணுக் கருவிகளில் பொருளின் எண்ணை அழுத்தினாலே போதும், அதற்குரிய விளக்கம் ஒலிக்கும். இன்று கைப்பேசியே அந்த வேலையைச் செய்கிறது.

இத்துறையில் பெரிதும் பேசப்படுவது அமெரிக்காவிலுள்ள அல்காட்ராஸ் தீவு. 1934 முதல் 1963 வரை அது மத்தியச் சிறைச்சாலையாக இருந்தது. 1987-இல் அங்கே ஓர் ஒலி வழிகாட்டி அமைத்தபோது, பேராசிரியர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவாற்றச் சொல்லவில்லை. அந்தச் சிறையில் காவலர்களாக இருந்தவர்களும், கைதிகளாக இருந்தவர்களும் தம் சொந்தக் குரலில் பேசினார்கள். காலி அறையின் முன் நின்று, அந்த அறைகளில் அடைபட்டிருந்தவர்களின் குரலையும், இரும்புக் கதவு மூடும் ஓசையையும் கேட்கும்போது பார்வையாளரின் மனத்தில் அது எப்படிப் பதியும் என்று எண்ணிப் பாருங்கள்!

காதின் வேலை, கண்ணின் வேலை

இதனால் கல்விக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு சிற்பத்தின் அருகில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. பலகையைப் படிக்கும்போது கண் சிற்பத்தைப் பார்க்காது. சிற்பத்தைப் பார்க்கும்போது பலகையில் படித்தது மறந்துபோகும். கண் ஒன்றுதான், வேலையோ இரண்டு. விளக்கத்தைக் காதிடம் ஒப்படைத்துவிட்டால் கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. படத்தையும் அச்செழுத்தையும் கண்ணிடமே கொடுப்பதைவிட, படத்தைக் கண்ணுக்கும் விளக்கத்தைக் காதுக்கும் பிரித்துக் கொடுத்தால் பாடம் நன்கு பதிகிறது என்று தம் ஆராய்ச்சிகளால் காட்டியவர் ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். கேட்டுக் கற்பதன் அருமையை உணர்ந்துதானே வள்ளுவரும் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார்!

நாங்களே செய்து பார்த்தோம்

"மறுபடியும் மாமல்லபுரம் போவோம். ஆனால் இந்த முறை வழிகாட்டி நீங்கள்தாம்" என்று சிஸ்டர் சொன்னபோது, "பார்த்த இடத்துக்கேவா, சிஸ்டர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. "போன வருஷம் நீங்க எங்கே பார்த்தீங்க? பஸ்ஸில போனீங்க, பஸ்ஸில வந்தீங்க, அவ்வளவுதான்" என்றார்கள் சிஸ்டர். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். அருச்சுனன் தபசு என்னும் பெரிய பாறைச் சிற்பம், அதன் பக்கத்திலுள்ள பஞ்சபாண்டவ மண்டபம், கிருஷ்ண மண்டபம், கணேச ரதம், ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் ஆகியவையே அவை. குன்றின்மேல் ஏறிப் பார்க்க வேண்டியவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். ஓர் இடத்துக்கு ஏழு பேர் வீதம் ஆறு குழுக்களாகப் பிரிந்தோம். ஒரு குழு எழுதுவதை மற்றக் குழுக்கள் முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்பது சிஸ்டர் இட்ட நிபந்தனை. அப்படியானால்தானே அங்கே போய்க் கேட்கும்போது புதிதாக இருக்கும்!

எழுதத் தொடங்கியதும்தான் எங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது தெரிந்தது. ரதங்களைப் பற்றி எழுதிய குழு, "பாண்டவர்களுக்காக மாமல்லன் கட்டிய ஐந்து கோயில்கள்" என்று தொடங்கியிருந்தது. அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் என்று சிஸ்டர் வட்டமிட்டுக் கொடுத்தார்கள். முதலாவது, பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் வழக்கில் வந்தவை. அவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை. இரண்டாவது, அவை கட்டப்பட்டவை அல்ல. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி உருவாக்கப்பட்டவை. அதனால்தான் மேற்பகுதி முடிந்தும் அடிப்பகுதி முடியாமலும் சில நிற்கின்றன. கட்டடமாயிருந்தால் முதலில் அடித்தளமல்லவா முடிந்திருக்கும்?

இந்தத் திருத்தத்தால் எங்களுக்குப் பெரிய உண்மை ஒன்று விளங்கியது. மாமல்லபுரத்தில் மூன்று விதமான வேலைப்பாடுகள் உள்ளன. பாறையின் உள்ளே குடைந்தவை ஒரு வகை. பஞ்சபாண்டவ மண்டபம் அதற்குச் சான்று. பாறையை வெளியிலிருந்து செதுக்கி ஒரே கல்லாக நிறுத்தியவை இரண்டாம் வகை. ரதங்கள் அதற்குச் சான்று. கற்களை வெட்டி அடுக்கிக் கட்டியது மூன்றாம் வகை. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயில் அதற்குச் சான்று. குடைதல், செதுக்குதல், கட்டுதல் என்னும் மூன்று வினைச்சொற்களையும் சரியான இடத்தில் போடத் தெரிந்தாலே பல்லவர் கலை வரலாற்றில் பாதி தெரிந்தது போலத்தான்.

பேச்சுக்கு எழுதுவது

ஒலி வழிகாட்டிக்கு எழுதுவது கட்டுரை எழுதுவது போலன்று. எங்கள் முதல் பதிவுகள் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீண்டன. வெயிலில் நிற்பவர் அவ்வளவு நேரம் கேட்பாரா? ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கூடாது என்று முடிவு செய்தோம். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொற்களே கொள்ளும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் ஏறக்குறைய 120 சொற்கள்தாம். ஆண்டுகளையும் பட்டப் பெயர்களையும் அடுக்கிய வரிகள் முதலில் விழுந்தன. கண்ணுக்கு வேலை கொடுக்கும் வரிகள் மட்டும் தங்கின.

அருச்சுனன் தபசுக்கு எழுதியதில் ஒரு பகுதி இது: "பாறைக்கு எதிரே நில்லுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு தெரிகிறதா? அதில் நாக உருவங்களைப் பாருங்கள். இப்போது பிளவுக்கு இடப்பக்கம் மேலே, ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவரைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்துவிட்டீர்களா? இந்தப் பாறையில் தவம் செய்பவர் இன்னொருவரும் இருக்கிறார். பெரிய யானையின் அருகில் தேடுங்கள். நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருக்கிறோம்." அதன்பின் பதினைந்து விநாடி மௌனம். பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றியுள்ள எலிகளையும் பார்ப்பவர் தாமே கண்டுகொள்ள வேண்டும். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் தேடும் இன்பம் போய்விடும் அல்லவா?

தவம் செய்பவர் பாசுபதம் வேண்டிய அருச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. நாங்கள் ஒரு பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. "நீங்கள் எதை ஏற்கிறீர்கள்? பாறையிலிருந்தே சான்று காட்டுங்கள்" என்று கேள்வியோடு முடித்தோம்.

பதிவு செய்யும் வேலை தையல் அறையில் நடந்தது. துணிகள் நிறைந்த அறையில் எதிரொலி இருப்பதில்லை. ஆனாலும் சன்னலில் ஒரு காகம் தினமும் எங்களோடு போட்டியிட்டது. மூன்றாவது இடத்தின் பதிவில் அதன் குரலும் இருக்கிறது, கேட்பவர்கள் பொறுத்தருள்க!

பள்ளி வளாகத்தில் ஒரு சோதனை

புறப்படும் முன் பள்ளி வளாகத்திலேயே ஒத்திகை பார்த்தோம். பழைய கிணறு, மணிக்கூண்டு, மகிழமரம் முதலியவற்றுக்குச் சிறு பதிவுகள் செய்தோம். பெற்றோரும் சிஸ்டர்களும் பயன்படுத்தாத கைப்பேசிகளைக் கொடுத்து உதவினார்கள். எங்களுக்குக் கிடைத்தவை 21. இரு பிரிவாக, ஆளுக்கொரு கைப்பேசி என்று சுற்றினோம். எல்லாம் நன்றாகவே நடந்தது. எங்கள் தோழியும் தன் நடைக்கு ஏற்றபடி ஒவ்வோர் இடத்திலும் நின்று முழுவதையும் கேட்டாள். வெற்றி என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

அவளிடம் கேட்டோம். "எல்லாம் கேட்டுச்சு, நல்லா புரிஞ்சுது. ஆனா, 'அங்கே பாரு'ன்னு சொல்றதுக்குப் பக்கத்துல யாரும் இல்லையே" என்றாள்.

உண்மைதான். போன ஆண்டு அவளைப் பின்னால் விட்டுச் சென்றோம். இவ்வாண்டு கருவியைக் கையில் கொடுத்து மறுபடியும் தனியே விட்டுவிட்டோம். ஒலி வழிகாட்டியின் பெருங்குறையே இதுதான். ஒவ்வொருவரும் தத்தம் காதுக்குள் அடைபட்டுவிடுகிறார்கள். குரலிடம் கேள்வி கேட்க முடியாது. சந்தேகம் வந்தால் அது மனத்திலேயே நின்றுவிடும்.

அதற்கு நாங்கள் கண்ட வழி மிக எளிது. ஒரு கைப்பேசி, ஓர் இயர்போன், இரண்டு தோழியர். ஆளுக்கொரு காது! மற்றொரு காது திறந்தே இருக்கும். பக்கத்தில் நிற்பவளின் பேச்சும், சிஸ்டரின் விசிலும், சாலையில் வரும் வண்டியின் ஓசையும் அதில் விழும். 42 பேருக்கு 21 கைப்பேசிகள் கச்சிதமாகப் போதும். இருவரில் மெதுவாக நடப்பவளின் நடைதான் இருவருக்கும் நடை என்பது விதி. இறுதியில் எல்லாரும் நிழலில் கூடி, மனத்தில் எழுந்த கேள்விகளைச் சிஸ்டரிடம் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி.

மாமல்லபுரத்தில்

அன்று ஒரு கைப்பேசியில் பதிவு சரியாக ஏறவில்லை; மற்றொன்றில் மின்சாரம் தீர்ந்தது. இவற்றைத் தவிர வேறு இடையூறு இல்லை. ரதங்கள் இருக்குமிடம் பாறைச் சிற்பத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு ஆகையால் எல்லாருமே பேருந்தில் சென்றோம். கடற்கரைக் கோயிலில் அலையோசை பதிவை அமுக்கியது. அதைத் தையல் அறையில் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை!

மாலையில் மரநிழலில் கூடினோம். முதல் கேள்வியை எங்கள் தோழிதான் கேட்டாள். கிருஷ்ண மண்டபத்தில், இந்திரன் பொழிந்த மழையிலிருந்து ஆயர்களைக் காக்கக் கண்ணன் மலையைத் தூக்கி நிற்கிறான். அங்கேயே ஒருவர் மாட்டில் பால் கறக்கிறார். மாடு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. "மேலே மலையே தொங்குது. அவர் எப்படி, சிஸ்டர், பயமில்லாம பால் கறக்கிறார்?" என்று கேட்டாள்.

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பதிவை எழுதிய ஏழு பேருக்கும்கூடத் தோன்றவில்லை. "தாங்குகிறவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையைத்தான் சிற்பி அந்த மாட்டுக்காரரின் முகத்தில் காட்டினான் போலும்" என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார்கள். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். சென்ற ஆண்டு ஒருவர் எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கேள்விகூட எழவில்லை. இவ்வாண்டு சொன்னது குறைவு. எழுந்த கேள்விகளோ பல.

பெற்றோர்க்கும் தோழியர்க்கும்

"கைப்பேசியைக் கையில் கொடுத்தால் படிப்பு வருமா?" என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. நாங்கள் பயன்படுத்தியவற்றில் சிம் கார்டும் இல்லை, இணையமும் இல்லை. அன்று அவை வெறும் பேசும் பெட்டிகளே. கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை அறுக்கவும் செய்யும். பிடிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒலி வழிகாட்டி ஆசிரியைக்கு மாற்று அன்று. அது அவர்களின் தொண்டைக்கு ஓய்வு கொடுத்து, கேள்விகளுக்கு நேரம் தருகிறது. கேட்பவர் அதனால் கற்பது ஒரு பங்கு என்றால், அதை எழுதிப் பதிவு செய்பவர் கற்பது இரண்டு பங்கு. இது நாங்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

அன்பு ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! ஆறு பதிவுகளும் சிஸ்டரிடம் உள்ளன. அடுத்த ஆண்டு நீங்கள் அவற்றோடு செல்லுங்கள். பிழைகள் இருந்தால் திருத்துங்கள்; கடற்கரைக் கோயிலின் பதிவை இன்னும் உரக்கப் பேசிப் புதிதாகச் செய்யுங்கள். காகத்தை மட்டும் விட்டுவையுங்கள்! கிருஷ்ண மண்டபத்தின் பதிவின் முடிவில், "அந்த மாட்டுக்காரர் ஏன் பயப்படவில்லை?" என்ற கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். அதைக் கேட்கும் குரல் எங்கள் தோழியுடையது.

நடக்கும்போது, உங்களில் மெதுவாக நடப்பவள் யார் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அவள் நடைக்கே நீங்களும் நடந்தால், விரைந்து சென்றவர்கள் காணாத எத்தனையோ காட்சிகளைக் காண்பீர்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு